ஒரு கோட்டுச் சத்தம்

ஒன்பதாம் நாள் பின்னேரம் பாட்டு பாதியில் நின்றது.

விஜிதா அடுப்புக்கு முன்னால் குந்தி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். லெப்டொப்பில் பாடிக்கொண்டிருந்த பெண் ஒரு சொல்லை இழுத்துக்கொண்டே போய் அதன் நடுவில் விட்டுவிட்டாள். கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கார்த்திகை மழை. தெமோதரைப் பக்கம் அது பிடித்தால் பத்து நாளைக்கு விடாது. தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு முன்னால் ஓடும் கான் நிரம்பி, ஆறாவது காம்பராவின் கழிவும் ஏழாவது காம்பராவின் கழிவும் ஒன்றாகி வாசற்படியை நக்கிக்கொண்டிருந்தன.

அவள் புருசன் சிதம்பரநாதன் லெப்டொப்பின் முன் குனிந்தான். வாயில் வெற்றிலை. எதையாவது யோசிக்கும்போது அவன் சாற்றை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவான். அந்தச் சத்தம் அவளுக்கு அடுப்பு வரைக்கும் கேட்கும்.

"சிக்னல் போயிருச்சா?" என்று அவள் கேட்டாள்.

"லைட்டு எரியுதே."

இன்டர்நெட் டொங்கிள் சுவரின் உச்சியில் இருந்தது. கீழே வைத்தால் சிக்னல் எடுக்காது. அதனால் நீள வயர் ஒன்று வாங்கி, பக்கத்து வீட்டுக்கும் தங்கள் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவரின் மேல் அதைக் கட்டி வைத்திருந்தான். லயத்துச் சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் எழும்பி நின்றுவிடும். அதற்கு மேலே இருபது காம்பராவுக்கும் ஒரே இருட்டுத்தான். ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் நாலு வீடு சாப்பிடும். ஒருத்தி அழுதால் நாலு பேர் தூங்கமாட்டார்கள்.

சிதம்பரம் திரையில் வந்த இங்கிலீஷ் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். பிறகு நிமிர்ந்தான்.

"முடிஞ்சிருச்சாம்."

"என்னது?"

"டேட்டா. ரெண்டு ஜீபியும் முடிஞ்சிருச்சாம். ஒன்பது நாளையில." அவன் எழுந்து வாசலுக்குப் போய்க் கானில் துப்பிவிட்டு வந்தான். "கடைக்காரன் என்னா சொன்னான்? ஒரு நாளைக்கு மூணு மணித்தியாலம் பாட்டுக் கேட்டா ஒரு மாசம் தாராளமாப் போவும்னான். நானும் மூணு மணித்தியாலத்துக்கு மேல போட்டதே இல்ல. அஞ்சரைக்குப் போடுவேன், எட்டரைக்கு நிப்பாட்டுவேன். நீ பாத்துக்கிட்டுத்தானே இருக்க?"

விஜிதா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"கேக்குறேன்ல?"

"ஆமாங்க."

"அப்போ மிச்சத்த யாரு தின்னா?"

அவன் கண் மெல்ல மேலே போனது. சுவர் உச்சியில் டொங்கிளின் சின்னப் பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. அந்த வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டிப் போட்ட பலகைக் கட்டிலில், ஜெயலெட்சுமி நாலு மாதமாக மல்லாந்து படுத்திருந்தாள்.

ஆடி மாதத்தில் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு கல்லுப்படி இறங்கும்போது ஜெயலெட்சுமிக்குக் கால் சறுக்கியது. இடுப்பெலும்பு. பெரியாஸ்பத்திரியில் செய்யவேண்டியதைச் செய்து, ஆறு மாதம் அசையாமல் கிடக்கச் சொல்லி அனுப்பினார்கள். புருசன் இல்லை. மகள் லதுஷா காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் எட்டும் தூரத்தில் வைத்து, கட்டிலுக்கு அடியில் சட்டியை வைத்து, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவாள். அதற்குப் பிறகு பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் அந்த மனுசிக்குத் துணை கூரைத் தகரந்தான்.

"ஏய் அக்கா!" சிதம்பரம் சுவரைப் பார்த்துக் கத்தினான். "முழிச்சிருக்கியா?"

"சொல்லு தம்பி," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஏன் பாட்ட நிப்பாட்டிட்ட? நல்ல பாட்டாச்சே."

"கேட்டியாடி?" அவன் விஜிதாவிடம் திரும்பினான். "நல்ல பாட்டாம்!" மறுபடி சுவரைப் பார்த்து, "நீ கேட்டுக் கேட்டுத்தான் முடிச்சிட்டியே, இனி எங்க பாட்டு? டொங்கிள் ஒன் தலைக்கு மேல இருக்கு. வர்றது மொதல்ல ஒன் பக்கந்தான் வருது. ஒங் காதுல போனது போக மிச்சந்தான் எனக்கு."

"நான் சும்மா படுத்துத்தானே இருந்தேன் தம்பி."

"ஒம் புருசனும் சும்மாத்தான் இருந்தாரு. சுவத்துக்கு மேலால வயரு போட்டு ஒரு வருசம் நம்ம கரண்ட உறிஞ்சல?"

அது உண்மைதான். லயத்துக்கு மின்சாரம் வந்த புதிதில் நடந்தது. சிதம்பரத்துக்கு அன்றிலிருந்து ஒரு கணக்கு: சுவரைத் தாண்டிப் போவதெல்லாம் களவு போவது. கரண்டுக்கு வயர் வேண்டும், பாட்டுக்குக் காது போதும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"அவங்க நாத்தம் இங்க வருது," என்று ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்தபடி சொன்னான். "நம்ம பாட்டு அங்க போவுது. என்னா நியாயம் இது?"

அவன் மென்றுகொண்டே பேசினான். கட்டாரில் இரண்டு வருசம் இருந்து கொண்டுவந்த சென்ட்டை இப்போதும் காலையில் அடித்துக்கொண்டுதான் த்ரீவீல் எடுப்பான், எல்லவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் ஏறுவார்கள் என்று. பின்னேரம் அந்த வாசனை வேர்வையோடும் பெட்ரோலோடும் சேர்ந்து வேறொன்றாகிவிடும். விஜிதா தன் ரொட்டியைப் பாதியில் வைத்தாள். அவளுக்குப் பசி இல்லை. காதால் குடிக்கிறார்களாம். இப்படி ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள்.

அவள் வாயைத் திறக்காததற்கு ஒரு காரணம் இருந்தது.

டொங்கிள் வாங்கிய மறுநாள் காலை. சிதம்பரம் ஆறு மணிக்கே ரயில் ஸ்டேசனுக்குப் போய்விட்டான். அவள் அட்டை ஏறாமலிருக்கக் கால்களுக்குச் சவர்க்காரமும் உப்பும் பூசி, இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கக் கிளம்பும்போது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெயலெட்சுமி கேட்டாள்: "விஜி, நேத்துக் கடைசியா ஒரு பாட்டுப் போச்சே, அது யாரு பாடுனது?"

"தெரியல பெரியம்மா."

"ராத்திரியெல்லாம் அதுதான் மண்டைக்குள்ள ஓடுது. மத்த வரி ஞாபகம் வரல."

சிதம்பரம் கட்டாரில் இருந்த இரண்டு வருசமும் சுவருக்கு அப்பாலிருந்து அந்தப் பெரியம்மாவின் குரல்தான் அவளோடு பேசியது. கறிக்கு உப்புப் பார்த்தியா, கதவுக்குக் கட்டை போட்டியா, அந்தப் பயலிடமிருந்து போன் கோல் வந்ததா. விஜிதா பேச்சு குறைந்தவள். பழைய பேப்பரில் மாசிக் கருவாடு சுற்றி வந்தால் கருவாட்டை எடுத்துவிட்டுப் பேப்பரை ஈரத்தோடு விரித்து வாசிப்பாள். அந்தப் பக்கத்துக் குரல் பதில் எதிர்பார்க்காமல் பேசும். அது அவளுக்கு ஏற்றதாக இருந்தது.

அவள் லெப்டொப்பைத் திறந்தாள். அவன் செய்வதைப் பார்த்து வைத்திருந்தாள். வானொலியின் பக்கத்தைத் திறந்து முக்கோணத்தைத் தட்டினால் போதும். சத்தத்துக்கு நாலு கோடு எரிந்தது. அதை ஒவ்வொன்றாக இறக்கி ஒரு கோட்டில் வைத்தாள். விளக்குத் திரியைக் குறைத்தால் எண்ணெய் குறைவாக எரியும். பீலியைச் சின்னதாகத் திறந்தால் தண்ணீர் குறைவாக வரும். நாலு கோட்டுக்கு ஆகிற செலவில் ஒரு கோட்டுக்குக் காற்பங்கு. அதுவும் கோடு இவ்வளவு சின்னது. யாருக்குத் தெரியப்போகிறது?

"பெரியம்மா, கேக்குதா?"

"கேக்குது ஆத்தா, கேக்குது. அவன் ஏசமாட்டானா?"

"கொஞ்சந்தானே."

ஏழு மணிக்குப் போட்டுவிட்டுப் போவாள். நாலு மணிக்கு, மலையிலிருந்து மற்றவர்களுக்கு முந்தி ஓடிவந்து நிறுத்துவாள். மூடியைத் தொட்டுப் பார்ப்பாள், சூடு ஆறியிருக்கும் அவன் வருவதற்குள். ஒன்பதாம் நாள் வரைக்கும், ஞாயிறு உட்பட, ஒரு நாளும் தவறவில்லை.

இப்போது டேட்டா முடிந்துவிட்டது. தன் பங்கும் அதில் கொஞ்சம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு நாள் முந்தி முடிந்திருக்கும், இரண்டு நாள் முந்தி முடிந்திருக்கும். மற்றதெல்லாம் அந்தக் கடைக்காரன் சொன்ன பொய்யாக இருக்கவேண்டும், அல்லது இவன் கேட்ட கேட்பாக இருக்கவேண்டும். ஒரு கோட்டுக்காக இவனுடைய வாயில் விழவேண்டுமா? சிதம்பரம் அடிக்கிறவன் அல்ல. பேசுகிறவன். ஒன்றைப் பிடித்தால் மாதக்கணக்கில் பேசுவான். சாப்பிடும்போது பேசுவான், படுத்த பிறகும் இருட்டைப் பார்த்துப் பேசுவான். அடியை வாங்கிக்கொள்ளலாம் என்று சில வேளை அவளுக்குத் தோன்றும்.

மறுநாள் அவன் த்ரீவீலைக் கழுவப் பீலிக்குப் போன இடத்தில் விசயத்தைச் சொல்லிவிட்டான். பத்து மணிக்குக் கொழுந்து நிறுக்கும்போது அது மலை முழுக்கத் தெரிந்திருந்தது.

மழை தூறலாகி மூடுபனி இறங்கியிருந்தது. தராசுக்கு முன்னால் வரிசை நின்றது. ஈரத்துக்கென்று மூன்று கிலோ, சாக்குக்கென்று ஒரு கிலோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். விஜிதா காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். அது போன இடத்தில் இரத்தம் நிற்காமல் ஒழுகியது.

"அடியே விஜி," என்று வரிசையில் பின்னால் நின்ற ஞானேஸ்வரி கூப்பிட்டாள். லயத்தில் அவள் வாய்க்கு எல்லாரும் பயம். "நேத்து ஒங்க வாசல் வழியா வந்தேன். ரெண்டு வரி காதுல வுழுந்திருச்சு. தெரியாம நடந்துருச்சுடி. திருப்பிக் குடுத்துறவா?"

வரிசை சிரித்தது.

"சிரிக்காதீங்கடி. சிதம்பரம் சொல்றதும் சரியாத்தானே இருக்கு," என்று இன்னொருத்தி சொன்னாள். "மொத நாளு நாம முப்பது பேரு போயி ஒக்காந்து கேட்டோம். முப்பது பேரும் தின்னாச் சோறு முடியாதா?"

"பாட்டும் சோறும் ஒண்ணா?"

"இது றேடியோப் பாட்டு இல்லடி. றேடியோன்னா காத்துல சும்மா வரும். இது காசு குடுத்து எறக்குறது. எறக்குறதுன்னா அளவு இருக்குமில்ல?"

"அப்போ அந்தப் படுத்துக் கெடக்குறவ நல்லாத் தின்னுருக்கா. வேற வேலை என்னா அவளுக்கு? கால்தான் போச்சு, காது நல்லாத்தானே இருக்கு."

இதற்கும் சிரித்தார்கள். லதுஷா வரிசையில் முன்னால் நின்றாள். பத்தொன்பது வயசு. அவள் திரும்பவில்லை. சாக்கைத் தராசில் கொழுவி, சொன்ன கிலோவைக் கேட்டுக்கொண்டு, விஜிதாவைக் கடந்து போகும்போது மட்டும் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கல. நான் களவெடுத்துட்டேனா, களவெடுத்துட்டேனான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. காது கேட்டாக் கொறையுமாக்கா? நீங்க படிச்சவங்கதானே."

விஜிதா ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள்.

"தெரியலடி," என்றாள். "ஞாயித்துக்கெழம பதுளைக்குப் போறேன். கேட்டுட்டு வாறேன்."

"அம்மா ஒங்களப் பத்தி ஒண்ணும் சொல்லாது அக்கா," என்று லதுஷா குரலைத் தாழ்த்தினாள். "எங்கிட்டயே சத்தியம் வாங்கிருச்சு."

விஜிதாவுக்கு அந்தக் கணத்தில் லதுஷாவின் மேல்தான் வெறுப்பு வந்தது. பகலில் பாட்டு ஓடியது இவளுக்கும் தெரியும்.

பதுளை பஸ் ஸ்டேண்டுக்குப் பின்னால், டொங்கிள் வாங்கிய அஸ்ஹர் நானாவுடைய கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் போன் கவர்கள், வெளியே ஒரு பெரிய ஸ்பீக்கர், உள்ளே ஒரு மேசை, ஒரு விசிறி. சிதம்பரம் டொங்கிளைக் கொடுத்து, "பெக்கேஜப் புதுசாக்கிட்டு வா. அப்படியே அவன்கிட்டக் கேளு, ஒன்பது நாள்ல எப்புடி முடியும்னு," என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

அவள் சொன்னதை அஸ்ஹர் கேட்டான். சிரிக்காமல் கேட்கப் பார்த்தான், முடியவில்லை.

"காது கேட்டாக் கொறயுமா? தங்கச்சி, அப்பிடியெண்டா நான் எப்பவோ கடைய மூடிட்டுப் போயிருப்பன். இந்த ஸ்பீக்கர்ட பாட்டத்தான் பஸ் ஸ்டேண்ட் முழுக்கக் கேக்குது. நூறு பேர் கேட்டாலும் அதேதான், ஒருத்தர் கேட்டாலும் அதேதான்."

விஜிதாவுக்கு நெஞ்சு இலேசானது. ஜெயலெட்சுமி மேல் பிழை இல்லை. இதை இப்படியே போய்ச் சொல்லவேண்டும், அவன் முகத்துக்கு முன்னால், லயமே கேட்க.

"அப்போ எப்புடி நானா முடிஞ்சது?"

"நீங்க கேக்கிற அந்த வானொலி எத்தினயில ஓடுது? பாட்டு ஓடக்குள்ள கீழ ஒரு நம்பர் ஈக்குமே."

"நாப்பத்தெட்டு."

"சரி." அவன் பழைய பில் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதினான். அவளுக்கு அந்த எழுத்து இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. "ஒரு செக்கனுக்கு நாப்பத்தெட்டுக் கிலோ பிட். எட்டுப் பிட் சேந்தாத்தான் ஒரு பைட். எட்டால பிரிங்க. ஆறு. ஒரு நிமிசத்துக்கு முந்நூத்தி அறுவது கிலோ பைட். ஒரு மணித்தியாலத்துக்கு இருபத்தொரு எம்பி. மூணு மணித்தியாலத்துக்கு அறுவத்திமூணு. முப்பது நாளைக்கு ஆயிரத்தி எண்ணூத்தித் தொண்ணூறு. ரெண்டு ஜீபியெண்டா ரெண்டாயிரத்தி நாப்பத்தெட்டு. நான் ஒங்கட மாப்பிளைக்குச் சரியாத்தான் சொல்லீக்கன். மாசம் முழுக்கப் போகும், கொஞ்சம் மிஞ்சவும் மிஞ்சும்."

அவள் அந்தப் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிதம்பரம் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான்.

"சத்தத்த..." என்றாள். "சத்தத்தக் கொறச்சு வச்சா?"

"கொறச்சு வச்சா என்ன?"

"நாலு கோட்ட ஒரு கோடாக்கினா?"

"ஒண்டும் கொறயாது. சத்தமெண்டது ஒங்கட லெப்டொப்புட ஸ்பீக்கர்ட வேல. லைன்ல வாரது வந்துக்கிட்டேதான் ஈக்கும். சத்தமே இல்லாம வச்சாலும் அதே இருபத்தொண்டுதான். ஆள் இல்லாத வீட்டுல ஓடினாலும் அதேதான்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "லெப்டொப்பக் கொண்டாந்தீங்கெண்டா எந்த நாள் எத்தின மணிக்கு எவ்வளவு போயீக்கி எண்டு பாத்துச் சொல்லலாம். எல்லாம் அதுல பதிஞ்சிருக்கும்."

"வேணாம் நானா."

"காசு வாணாம், சும்மா பாத்துத் தாரன்."

"வேணாம்," என்று அவள் சொன்ன வேகத்தில் அவன் பேனையைக் கீழே வைத்துவிட்டான்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. யாரோ வாந்தி எடுத்த இடத்தில் மண் போட்டு மூடியிருந்தார்கள். ஹாலிஎலை தாண்டும் வரைக்கும் அவள் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றக் கணக்கை எழுதத் தேவையில்லை, தலையிலேயே வந்தது. ஏழு மணி முதல் நாலு மணி வரைக்கும் ஒன்பது மணித்தியாலம். ஒன்பது இருபத்தொன்று நூற்றியெண்பத்தொன்பது. எட்டு நாள். ஆயிரத்தி ஐந்நூற்றிப் பன்னிரண்டு. நாலில் மூன்று பங்கு. அதோடு அவன் கேட்ட எட்டுப் பின்னேரத்தையும் கூட்டினால் மிச்சம் முப்பத்திரண்டு. ஒன்பதாம் நாள் ஒன்றரை மணித்தியாலத்தில் முடியவேண்டும். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த நேரம். சரியாக அந்த இடத்தில்தான் அந்தப் பெண்ணின் சொல் அறுந்தது.

கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்துவிட்டது. ஒரு மூலையிலாவது தப்பிக்க இடம் இல்லை. இத்தனை நாளும் அவனுடைய வாயையும் வெற்றிலையையும் சென்ட்டையும் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தவள் தான். கொஞ்சந்தானே என்று சொன்னவளும் தான். களவெடுத்துட்டேனா என்று இராத்திரி முழுக்க ஒரு நோயாளி கேட்டுக்கொண்டிருக்க, தெரியலடி என்று சொல்லிவிட்டு அட்டை பிடுங்கிக்கொண்டு நின்றவளும் தான். அவள் அந்தப் பில்லை மடித்து மடித்துக் கோதுமை மணி அளவாக்கினாள். தெமோதரைச் சந்தியில் இறங்கியபோது அது கையில் இல்லை.

லயத்துக்கு ஏறும் பாதையிலேயே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

சிதம்பரம் மேசையின் மேல் முக்காலி போட்டு ஏறி நின்றான். பழைய தார்ப் பீப்பாயைப் பிரித்த தகரமும் உரச் சாக்குகளும் கீழே கிடந்தன. சுவருக்கு மேலே கூரை வரைக்கும் குறுக்குச் சட்டம் அடித்து, பாதித் தூரம் தகரம் வைத்து மூடியிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் நாற்பது வருசத்துப் புகைக்கரி கூரை வளையிலிருந்து உதிர்ந்தது. எலிப் புழுக்கை, பல்லி முட்டை, செத்த கரப்பான், ஒட்டடை. இந்தப் பக்கம் கொஞ்சம் விழுந்தது. அந்தப் பக்கந்தான் அதிகம்.

"ஹயர் இல்லையா?" என்று கேட்டாள்.

"இந்த மழைக்கு எந்த வெள்ளைக்காரன் வர்றான்? டொங்கிளக் குடு. இனி இந்தப் பக்க ஜன்னல்ல கட்டப்போறேன். என்னா சொன்னான் அவன்?"

அந்தப் பக்கத்தில் ஜெயலெட்சுமி இருமினாள். அடக்கி அடக்கி இருமினாள்.

"பெரியம்மா மேல தூசி வுழுகுதுங்க."

"லதுஷாகிட்டச் சாக்குப் போட்டு மூடச் சொல்லியாச்சு. நான் கேட்டது என்னா? அவன் என்னா சொன்னான்?"

விஜிதா பையை இறக்கி வைத்தாள். "காது கேட்டா டேட்டா போவாதாம். நூறு பேரு கேட்டாலும் அதேதானாம். பெரியம்மா மேல பிழை இல்ல."

சுத்தியல் நின்றது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஞானேஸ்வரியும் இரண்டு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் இருமலும் நின்றது.

"அப்போ ஒரு மாசம் போவும்னு சொன்னது பொய்யா?"

"இல்ல. அது சரிதானாம். மூணு மணித்தியாலந்தான்னா மாசம் போவுமாம்."

"சரி," என்றான் சிதம்பரம். முக்காலியின் மேல் நின்றபடியே குனிந்து அவளைப் பார்த்தான். அவன் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "காதும் இல்ல. கடைக்காரனும் பொய் சொல்லல. நானும் மூணு மணித்தியாலந்தான் போட்டேன். அப்போ யாரு?"

அவள் நின்றாள். மழை தகரத்தில் பெய்துகொண்டிருந்தது. சொல்லவேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிறகு அவன் பேசப்போவதையெல்லாம் அவளுக்கு இப்போதே கேட்டது: இந்த மாதம், மார்கழி, தை, மாசி. வாசலில் ஞானேஸ்வரி வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

சுவருக்கு அப்பாலிருந்து ஜெயலெட்சுமியின் குரல் வந்தது.

"நாந்தான் தம்பி. கடைக்காரன் பட்டணத்து ஆளு, அவனுக்கு நம்ம லயத்துச் சொவரு தெரியுமா? ஒங்க பாட்ட ஒண்ணுவிடாமக் கேட்டேன். பகல்லயும் மண்டைக்குள்ள அதுதான் ஓடும். அதுவும் சேந்திருக்கும். மன்னிச்சுக்க. நல்லா அடைச்சிரு."

"கேட்டீங்களா?" சிதம்பரம் வாசலைப் பார்த்துச் சொன்னான். "அவ வாயாலயே வந்துருச்சு."

"ஒப்புக்கிட்டாளே, பாவம்," என்று ஞானேஸ்வரி முந்தானையால் வாயைத் துடைத்தாள். அவளுக்கு இனி இங்கே நிற்கத் தேவையில்லை.

"ஆணிய எடு," என்று சிதம்பரம் கையை நீட்டினான்.

ஆணி தகரப் பேணியில் இருந்தது. விஜிதா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிறகு இன்னொன்று. துருப்பிடித்த ஆணி, பிடித்த விரல்கள் சிவந்தன. கேட்கும் முன்னாலேயே அடுத்ததைத் தயாராக வைத்திருந்தாள். வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்றிருந்தது.

ஐந்தரைக்குப் பாட்டுப் போட்டான். டொங்கிள் ஜன்னலில் நன்றாகவே பிடித்தது. நாலு கோடு. அவன் காலை நீட்டிக்கொண்டு, தேத்தண்ணியை உறிஞ்சி, "இப்பப் பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு," என்றான்.

விஜிதா ஒரு வாளியில் சுடுதண்ணீரும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். லதுஷா பீலியில் கரிபிடித்த சேலைகளை அலசிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு அடுத்த சேலையை எடுத்தாள்.

உள்ளே இருட்டு. முன்பு சுவருக்கு மேலாக இந்தப் பக்கம் வந்த பல்பு வெளிச்சமும் இப்போது இல்லை. கட்டிலைச் சுற்றி டெட்டோல் வாடையும் சட்டியின் வாடையும் கரித்தூளின் புளித்த வாடையும். சாக்குப் போட்டு மூடியும் தூசி நுழைந்திருந்தது. ஜெயலெட்சுமியின் முகச் சுருக்கங்களில் கரி ஓடியிருந்தது. கண்ணோரத்தில் ஈரம் பட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. குடித்து மிச்சம் வைத்த தேத்தண்ணியின் மேல் ஒரு கரப்பானின் கால் மிதந்தது.

தகரத்தைத் தாண்டிப் பாட்டு வந்துகொண்டுதான் இருந்தது. தகரம் எந்தப் பாட்டை நிறுத்தும்? முன்னை விடக் கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான்.

விஜிதா துணியை நனைத்துப் பிழிந்து, நெற்றியைத் துடைத்து, கன்னத்துக்கு வந்தபோது கண்டாள். இரண்டு காதிலும் பஞ்சு. மருந்து கட்டுவதற்கு வைத்திருந்த பஞ்சை உருட்டி, மேலே துணிக்கீற்றும் வைத்து நன்றாக அமுக்கியிருந்தது.

ஜெயலெட்சுமி அவளைப் பார்த்துச் சிரித்தாள். காதைத் தொட்டுக் காட்டி, தகரத்தைக் காட்டி, பயப்படாதே என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

விஜிதாவின் கை காதுவரைக்கும் போனது. பஞ்சின் நுனி வெளியே தெரிந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். அவள் கையை எடுத்துத் துணியை வாளியில் போட்டாள். தண்ணீர் கறுத்தது.

"பெரியம்மா," என்றாள். "நீங்க ஒண்ணும் எடுக்கல. நாந்தான். நான் போட்டுவிட்டேனே, பகல்ல, அதுதான். கொஞ்சம்னு நெனச்சேன். கொஞ்சம் இல்ல. முக்காவாசி அதுதான். கடையில கணக்கு எழுதிக் காட்டுனாங்க. அவரு கேட்டப்போ சொல்லியிருக்கலாம். சொல்லல. நீங்க சொல்லவும் வாயப் பொத்திக்கிட்டு ஆணி எடுத்துக் குடுத்தேன்."

இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. சொற்கள் தடையில்லாமல் வந்தன. வரவர உடம்பு இலேசானது. அந்த இலேசு அவளுக்குத் தெரிந்தது. அது எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை, கழுத்தைத் துடைத்தபடி கடைசிவரைக்கும் சொல்லி முடித்தாள்.

ஜெயலெட்சுமி அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது.

"என்னமோ சொல்றியே மக, ஒண்ணும் வெளங்கல," என்றாள், காது அடைத்தவர்கள் பேசுகிற உரத்த குரலில். கை காதுக்குப் போனது. "பஞ்ச எடுக்கட்டுமா?"

விஜிதா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து, பஞ்சைத் தாண்டியும் கேட்கும்படி, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"எடுக்காதீங்க பெரியம்மா," என்றாள். "பாட்டு ஓடுது."